வியாழக்கிழமை நாலு மணி: துக்கத்தில் இருப்பவரோடு உட்காருவது எப்படி

31 வருஷம் பஸ் கண்டக்டராக இருந்தவன் நான். கோத்தகிரி–மேட்டுப்பாளையம், கோத்தகிரி–குன்னூர், நடுவில் கொஞ்ச நாள் ஊட்டி. வாய்தான் எனக்கு முதல். "உள்ள போங்க, உள்ள போங்க, நடுவுல இடம் இருக்கு" என்று இல்லாத இடத்தைக் காட்டியே காலம் தள்ளியவன். ஓய்வு பெற்ற மறு வருஷம் எங்கள் சபை ஆயர் கூப்பிட்டு, "கஷ்டத்துல இருக்கறவங்களைத் தனித்தனியாப் போய்ப் பார்க்க ஆள் பழக்கறோம் அண்ணா, நீங்க வரணும்" என்றார். பேசுவதுதானே, நமக்கென்ன கஷ்டம் என்று போனேன். பேசாமல் இருக்கத்தான் பழக்கப் போகிறார்கள் என்பது முதல் சனிக்கிழமையே தெரிந்துவிட்டது.

அது ஆயிற்று எட்டு வருஷம். இப்போது குன்னூர், கூடலூர் பக்கத்துச் சபைகளிலிருந்து, "எப்படி ஆரம்பிச்சீங்க, என்ன செய்யறீங்க" என்று கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் போனில் சொல்லி மாளவில்லை. மழைக்காலத்தில் எங்கள் வீட்டில் சிக்னலும் நிற்காது. அதனால் எழுதிவிடுகிறேன். ஒரு விஷயம் முன்கூட்டியே: இதில் வரும் ஆட்களின் ஊர், வேலை, வயது எல்லாவற்றையும் மாற்றியிருக்கிறேன். ஒருவரைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாக வரும். அவரிடம் கேட்டு, அவர் "எழுது" என்ற பிறகுதான் எழுதுகிறேன்.

இந்த முறை எங்கிருந்து வந்தது

அமெரிக்காவில் மிசௌரி மாநிலத்து செயின்ட் லூயிஸ் நகரில், கென்னத் ஹாக் என்ற லுத்தரன் போதகர் 1975-ல் ஆரம்பித்தது. அவர் மனோதத்துவமும் படித்தவர். சபையில் கஷ்டத்தில் இருக்கிற அத்தனை பேரையும் ஒரே போதகர் வாராவாரம் போய்ப் பார்க்க முடியாது, சபை ஜனங்களையே அதற்குப் பழக்கிவிடலாம் என்பது அவர் கணக்கு. 'ஸ்டீபன் மினிஸ்ட்ரி' என்று பெயர் வைத்தார். இன்று ஆயிரக்கணக்கான சபைகளில் நடக்கிறது. சுமார் 50 மணி நேரப் பயிற்சி, ஒரு ஆளுக்கு ஒரு ஆள், வாரம் ஒரு மணி நேரம், ஆணுக்கு ஆண், பெண்ணுக்குப் பெண், பேசியது வெளியே போகக் கூடாது. அடிப்படை இவ்வளவுதான். நாங்கள் அந்த அமைப்பில் பதிவு செய்த சபை இல்லை. அளவை மட்டும் எடுத்துக்கொண்டு, துணியை நம் ஊருக்குத் தகுந்தபடி வெட்டித் தைத்துக்கொண்டோம்.

ஸ்டீபன் என்பது வேதாகமத்து ஸ்தேவான். எங்கள் கமிட்டியில் முதலில் இந்தப் பெயரைச் சொன்னதும் இரண்டு பேர், ஊட்டியில் இருக்கிற செயின்ட் ஸ்டீபன்ஸ் ஆலயத்துக்கு நிதி கேட்கிறோம் என்றே நினைத்துவிட்டார்கள். 1829-ல் அடிக்கல் போட்ட பழைய கோயில் அது. ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தானின் அரண்மனையிலிருந்து மரம் கொண்டுவந்து உத்திரம் போட்டது. கோயில் செலவு இல்லை, ஆள் செலவுதான் என்று விளக்க அரைமணி நேரம் பிடித்தது.

அப்போஸ்தலர் 6-ஆம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். கிரேக்க மொழி பேசுகிற விதவைகளை யாரும் சரியாகக் கவனிக்கவில்லை என்று முறுமுறுப்பு வருகிறது. அதைச் சரிசெய்ய ஏழு பேரைத் தெரிந்தெடுக்கிறார்கள், அதில் முதல் பெயர் ஸ்தேவான். நம் பழைய மொழிபெயர்ப்பில் அங்கே வருகிற சொல் 'விசாரணை'. அன்றாட விசாரணை. இன்று அந்தச் சொல்லைக் கேட்டால் போலீஸ் ஸ்டேஷன் ஞாபகம் வருகிறது. ஆனால் "அம்மாவை விசாரிச்சதாச் சொல்லுங்க" என்று பஸ் கிளம்பும்போது ஜன்னலில் கையை வைத்துச் சொல்கிறோமே, அந்த விசாரிப்புதான் இது. வீட்டுக்குள் போனதும் "எப்ப இருந்து காய்ச்சல், எந்த டாக்டர், எவ்வளவு செலவு, பையன் வந்தானா, ஏன் வரல" என்று ஆரம்பித்தால் அது மற்ற விசாரணை ஆகிவிடும்.

யாரைச் சேர்ப்பது

ஆலயத்தில் அறிவிப்புக் கொடுத்து, கை தூக்குகிறவரை எல்லாம் எடுக்காதீர்கள். முதல் தடவை நாங்கள் அப்படித்தான் செய்தோம். வந்த பதினோரு பேரில் நாலு பேர் நல்ல பிரசங்கிமார், இரண்டு பேர் ஊர்ச் செய்தி தெரிந்துகொள்ள வந்தவர்கள். ஐந்து பேர் தேறினோம். அந்த ஐந்தில் நான் எப்படி வந்தேன் என்பது இன்றைக்கும் எனக்குப் புரியாத விஷயம்.

இப்போது வேறு மாதிரிப் பார்க்கிறோம். ஆராதனை முடிந்து வெளியே நிற்கும்போது, காது கேட்காத பாட்டி ஒரே கதையை மூன்றாவது தடவை சொன்னாலும் நின்று கேட்கிற ஆள் யார்? சபை விருந்தில் தனியாக உட்கார்ந்திருப்பவர் பக்கத்தில் தட்டைக் கொண்டுபோய் உட்காருகிறவர் யார்? அவர்களை ஆயர் தனியாகப் போய்க் கேட்பார். படிப்பு தேவையில்லை. எங்களில் மிகத் திறமையானவர் ஐந்தாம் வகுப்போடு நின்று, தோட்டத்தில் கொழுந்து பறித்தே மூன்று பிள்ளைகளைப் படிக்க வைத்த ஓர் அக்கா. சமீபத்தில் தனக்கே பெரிய இழப்பு நேர்ந்தவரை மட்டும் ஒரு வருஷமாவது பொறுத்திருக்கச் சொல்வோம். அவருக்கு முதலில் ஆள் வேண்டும்.

பழக்குவது

சனிக்கிழமை மதியம் இரண்டரை மணி நேரம், இருபது வாரம், மொத்தம் 50 மணி நேரம். கிறிஸ்துமஸ் நெருக்கத்திலும் பிள்ளைகளின் பரீட்சை சமயத்திலும் நிறுத்திவிடுவோம். ஜூனில் தென்மேற்கு மழை பிடித்தால் கூடலூர்ப் பக்கத்தில் நடத்தவே முடியாது, அங்கே இருப்பவர்கள் ஜனவரியில் தொடங்குங்கள். கேட்பது எப்படி, மரணத் துக்கம், நீண்ட நாள் நோய், வேலை போனவர், குடும்பம் பிரிந்தவர், முதுமை, தற்கொலை எண்ணம், ரகசியம், ஜெபம், உறவை முடிப்பது என்று தலைப்புகள் போகும். எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தவர் ஓய்வு பெற்ற நர்ஸ் அக்கா.

எல்லாவற்றையும்விட உதவியது ஒரே ஒரு பயிற்சி. இருவர் இருவராக உட்கார வேண்டும். ஒருவர் தன் வாழ்க்கையில் நடந்த ஏதோ ஒரு நிஜமான வருத்தத்தை ஐந்து நிமிஷம் சொல்ல வேண்டும். மற்றவர் யோசனை சொல்லக் கூடாது, "எனக்கும் இப்படித்தான்" என்று தன் கதையை எடுக்கக் கூடாது, வசனம் சொல்லக் கூடாது. கேட்டதை மட்டும் தன் வாயால் ஒரு வரி திருப்பிச் சொல்லலாம். என் ஜோடி, வாங்கின கறவை மாடு செத்துப்போனதைச் சொல்ல ஆரம்பித்தார். நாற்பதாவது செகண்டில், "இன்சூரன்ஸ் போட்டிருந்தீங்களா?" என்று கேட்டுவிட்டேன். அக்கா கையில் என் பழைய விசிலைக் கொடுத்து வைத்திருந்தேன், விளையாட்டுக்கு. ஒரு ஊது ஊதினார். ஒரு விசில் என்றால் வண்டி நிற்க வேண்டும், எங்கள் தொழிலில். அந்த மதியம் ஆறு தடவை நின்றேன்.

திருப்பிச் சொல்வது என்பது கிளிப்பிள்ளை வேலை இல்லை. "மூணு மாசமாத் தூக்கமே இல்லை" என்று அவர் சொன்னால், "ராத்திரிதான் ரொம்பக் கஷ்டமா இருக்கும் போல" என்று சொல்லிப் பாருங்கள். சரியாக இருந்தால் அவர் மேலே போவார். தப்பாக இருந்தால், "இல்லை, ராத்திரி பரவாயில்லை, விடியக்காலம்தான்" என்று திருத்துவார். இரண்டிலும் பேச்சு அவர் கையில்தான் இருக்கும்.

எப்போது போவது

நம் பக்கம் துக்க வீட்டுக்கு ஆள் வருவதில் குறையே இல்லை. அடக்கம் அன்று பஸ் பிடித்து மேட்டுப்பாளையம், திருப்பூரிலிருந்தெல்லாம் வந்துவிடுவார்கள். சாப்பாடு வெளியிலிருந்து வரும். நாற்பதாம் நாள் ஜெபம் வரை வீடு நிறைந்திருக்கும். அதன் பிறகு பந்தல்காரன் வந்து நாற்காலியை எண்ணி எடுத்துக்கொண்டு போவான், அதோடு சரி. எங்கள் வேலை அதற்கு அப்புறம். இரண்டாம் மாசம், மூன்றாம் மாசம். "இன்னுமா அழறே" என்று சொந்தக்காரர்கள் சலிக்க ஆரம்பிக்கிற நேரம்.

நாமாகப் போய்க் கதவைத் தட்டுவதில்லை. ஆயரோ ஒருங்கிணைக்கிறவரோ முதலில் அவரிடம் கேட்பார்: "வாரம் ஒரு தடவை ஒருத்தர் வந்து உட்கார்ந்து பேசிட்டுப் போவார், அனுப்பட்டுமா?" வேண்டாம் என்றால் விட்டுவிட வேண்டும், ஒரு மாசம் கழித்து இன்னொரு தடவை கேட்கலாம். ஒருவருக்கு ஒரு சமயத்தில் ஒரே ஆள்தான். "நான் ரெண்டு பேரைப் பார்க்கறேனே" என்பவரை நம்பாதீர்கள், அவருக்கு வீட்டில் இருக்கப் பிடிக்கவில்லை என்று அர்த்தம்.

நேரம் எப்போதும் ஒன்றாக இருக்கட்டும். எனக்கு வியாழக்கிழமை நாலு மணி. தோட்ட லைன் வீடுகளுக்குப் போகிறவர்கள் இலை எடை போட்டு அவர்கள் திரும்பி, முகம் கழுவிய பிறகு போங்கள். ஐந்தரைக்குள் எழுந்துவிட வேண்டும். இது நாகரிகத்துக்காக மட்டும் இல்லை. எங்கள் பக்கம் இருட்டினால் தேயிலைக்குள் இருந்து கரடி வரும், காட்டெருமை ரோட்டிலேயே நிற்கும். கரடிக்குப் பயந்து ஒருவர் வீட்டில் எட்டு மணி வரை உட்கார்ந்து, அவர் வீட்டுக்காரம்மா இவருக்கும் சேர்த்து உப்புமா கிளற வேண்டியதாகிவிட்டது. அவரை நான் இன்னும் கிண்டல் செய்கிறேன்.

ஒரு வீடு

அண்ணனுக்கு எழுபது இருக்கும். மனைவி இறந்து மூன்று மாசம். பிள்ளைகள் கீழே கோயம்புத்தூரில். முதல் வியாழக்கிழமை நான் போனபோது, "வாங்க" என்றார், டீ போட்டார், ஒரு தட்டில் இரண்டு வர்க்கி வைத்தார், உட்கார்ந்தார். அவ்வளவுதான். ஒரு மணி நேரத்தில் பேசியது மழையைப் பற்றி நாலு வார்த்தை. இரண்டாவது வாரமும் அப்படியே. மூன்றாவது வாரம் டீயில் சர்க்கரை போட மறந்துவிட்டார், நானும் சொல்லவில்லை.

இந்த மூன்று வாரம்தான் புதியவர்கள் தோற்கும் இடம். "நான் போய் என்ன பிரயோஜனம், அவர் பேசவே மாட்டேங்கிறாரே" என்று ஒருங்கிணைப்பவரிடம் வந்து நிற்பார்கள். வேதாகமத்தில், எல்லாவற்றையும் இழந்து உட்கார்ந்திருந்த யோபுவின் சிநேகிதர்கள் மூன்று பேர் வந்து ஏழு நாள் ராப்பகல் தரையில் அவரோடு உட்கார்ந்தார்கள், ஒருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை என்று எழுதியிருக்கிறது. அதுவரைக்கும் நல்லவர்கள்தான். வாயைத் திறந்த பிறகுதான் எல்லாம் கெட்டது.

நாலாவது வாரம் அண்ணன் சட்டைப் பையிலிருந்து ரேஷன் கார்டை எடுத்தார். ஸ்மார்ட் கார்டு. அதில் குடும்பத் தலைவி என்று அக்காவின் போட்டோ. "பேரை எடுக்கணுமாம். பையன் போன் பண்ணும்போதெல்லாம் எடுத்தாச்சா, எடுத்தாச்சான்னு கேக்கறான்" என்றார்.

என் வாய் தானாகத் திறந்தது. நமக்குத் தெரிந்த பையன் இ-சேவை மையத்தில் இருக்கிறான், இறப்புச் சான்றிதழைக் கொடுத்தால் நானே முடித்துக்கொண்டு வந்துவிடுவேன், உங்களுக்கு அலைச்சல் இல்லை. எல்லாம் நாக்கு நுனியில் நிற்கிறது. உதவி கேட்டாரா? கேட்கவில்லை. ஆறிப்போன டீயை எடுத்து ஒரு வாய் குடித்து, அந்தச் சொற்களையும் சேர்த்து விழுங்கினேன். கார்டைப் பார்த்து, "சிரிச்ச முகமா இருக்காங்க" என்றேன்.

"சிரிக்கல" என்றார். "வெளிச்சம் அடிச்சது. கண்ணைச் சுருக்கினா."

அதற்கப்புறம் நாற்பது நிமிஷம் அவர்தான் பேசினார். போட்டோ எடுக்கப் போன அன்று மழை, அக்கா நனையாமல் இருக்கத் தன் தலைத்துண்டை அவள் தலையில் போட்டது, போட்டோ எடுப்பவன் துண்டை எடுக்கச் சொன்னதும் அவள் கோபித்துக்கொண்டது. கடைசியில், "அவ பேரை நான் போய் அடிக்கணுமா?" என்று கேட்டார். அதற்கு என்னிடம் பதில் இல்லை, சொல்லவும் இல்லை. நான் முந்திக்கொண்டு அந்தக் கார்டை வாங்கிப் போயிருந்தால் பேர் பத்து நாளில் போயிருக்கும். இந்தப் பேச்சு வந்திருக்காது.

வாயில் வரக் கூடாதவை

"எல்லாம் நன்மைக்கே." "அவங்களுக்கு விடுதலை கிடைச்சிருச்சு." "இதுக்கும் மேல கஷ்டப்படறவங்க இருக்காங்க." "நீங்கதான் பிள்ளைகளுக்குத் தைரியம் சொல்லணும்." "விசுவாசம் இருந்தா அழ மாட்டாங்க." கடைசியாகச் சொன்னது சுத்த அபத்தம். லாசருவின் கல்லறைக்குப் போகும் வழியில் இயேசுவே அழுதிருக்கிறார்.

"கர்த்தர் கொடுத்தார், கர்த்தர் எடுத்தார்" என்பதைத்தான் நம் ஆட்கள் அதிகம் சொல்கிறார்கள். அது யோபு தன் வாயால், தன் துக்கத்துக்குச் சொன்னது. பக்கத்து வீட்டுக்காரன் வந்து யோபுவிடம் சொன்னது இல்லை. அதை அவரே சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள், நீங்கள் எடுத்துக் கொடுக்காதீர்கள். பயிற்சிக்கு முன்னால் ஒரு சின்னப் பிள்ளையின் அடக்கத்தில், அந்தத் தகப்பனின் தோளைத் தட்டி நானே இதைச் சொல்லியிருக்கிறேன். அவர் என் கையை மெதுவாக எடுத்துவிட்டார். அந்தக் கை எடுத்த விதம் இன்னும் மறக்கவில்லை.

ஜெபம்

கேட்காமல் ஜெபிக்காதீர்கள். "ஜெபம் பண்ணட்டுமா, இல்லை இன்னிக்கு வேண்டாமா?" என்று இரண்டு பக்கமும் வழி விட்டுக் கேளுங்கள். கிறிஸ்தவர்தானே, வேண்டாம் என்றா சொல்வார் என்று நினைக்காதீர்கள், சொல்வார்கள். கடவுள் மேலேயே கோபமாக இருக்கிறவருக்கு அந்த உரிமை உண்டு. 13-ஆம் சங்கீதத்தில் முதல் இரண்டு வசனத்துக்குள் தாவீது நாலு தடவை 'எதுவரைக்கும்' என்று கேட்கிறார். ஒருவர் வாசிக்கச் சொன்னால் நான் அதை எடுப்பேன். எடுத்த எடுப்பில் துதி சங்கீதத்துக்குப் போவதில்லை.

ஜெபம் இரண்டு நிமிஷத்துக்குள் முடியட்டும். அவர் அன்று சொன்ன விஷயம், அவர் சொன்ன வார்த்தையிலேயே இருக்கட்டும். "ஆண்டவரே, அண்ணனுக்கு விடியக்காலம் கஷ்டமா இருக்குன்னு சொல்றாரு. அந்த நேரத்துல கூட இரும்" என்றால் போதும். நம் சபைகளில் ஒரு நோய் இருக்கிறது: நேரில் சொல்ல முடியாத புத்திமதியை ஜெபத்துக்குள் நுழைப்பது. "ஆண்டவரே, இந்தச் சகோதரன் குடியை விட்டு, மருமகளோடு சமாதானமாகி..." என்று கண்ணை மூடிக்கொண்டு அடிப்பது. எதிரில் இருப்பவர் பாவம், ஆமென் வரும்வரை எழுந்து போகவும் முடியாது.

வீட்டில் வேறு மதத்துப் பக்கத்து வீட்டுக்காரர் வந்து உட்கார்ந்திருந்தால் அவரையும் விசாரியுங்கள், அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். உடைந்து கிடக்கிற வீட்டில் ஆள் சேர்க்கிற வேலை செய்யக் கூடாது.

ரகசியம்: மலையூரின் பெரிய தலைவலி

பட்டணத்தில் யார் வீட்டுக்கு யார் போகிறார் என்று யாரும் பார்ப்பதில்லை. இங்கே என் குடையின் பிடியை வைத்தே, நான் எந்த வீட்டில் இருக்கிறேன் என்று சொல்லிவிடுவார்கள். அதனால் ஈரமாக இருந்தாலும் குடையை உள்ளே எடுத்துப் போய்விடுவேன். பஸ்ஸில் ஏறினால் கண்டக்டர் பையன் நம் பழைய சிஷ்யன், "என்னண்ணே, வாராவாரம் இந்த ஸ்டாப்புல யாரைப் பார்க்க?" என்பான். இப்போது ஒரு ஸ்டாப் முன்னாடியே இறங்கி நடக்கிறேன்.

லைன் வீட்டில் சுவர் ஒன்றுதான். இந்தப் பக்கம் இருமினால் அந்தப் பக்கம் மிளகுக் கஷாயம் வைப்பார்கள். அங்கே ஆணாக இருந்தால் தேயிலைக்கு நடுவில் போகிற பாதையில் நடந்தபடி பேசலாம். பெண்கள் ஆலயத்து வெஸ்ட்ரியை, அதாவது ஆயர் உடை மாற்றும் பக்க அறையை, திறந்து வாங்கிக்கொள்கிறார்கள்.

நான் ஒரு தடவை தப்பு செய்தேன். டீக்கடையில் ஒருவர், "அவருக்கு உடம்புக்கு என்ன?" என்று கேட்டார். "உடம்புக்கு ஒண்ணும் இல்லை, மனசுதான்" என்று சொன்னேன். நாலே சொல், அதுவும் அவருக்கு நல்லது செய்வதாக நினைத்து. பொழுது சாய்வதற்குள் அது அந்த வீட்டுக்கே போய்ச் சேர்ந்தது, வேறு உருவத்தில். அடுத்த வாரம் அவர் கதவைத் திறக்கவில்லை. அவருக்கு வேறு ஆள் போட வேண்டியதாயிற்று, எனக்கு ஆறு மாசம் யாரையும் கொடுக்கவில்லை. கொடுக்காதது நியாயம். இப்போது யார் கேட்டாலும், "அவரையே கேளுங்களேன், நீங்க கேட்டா சந்தோஷப்படுவாரு" என்கிறேன். மனைவியிடமும் சொல்வதில்லை. ஜெப விண்ணப்பம் என்ற பெயரில் வாட்ஸ்அப் குழுவில் போடுவதும் புறணிதான்.

சில விஷயங்களை மட்டும் மூடி வைக்கக் கூடாது, அதை முதல் நாளே சொல்லிவிட வேண்டும்: "நீங்க சொல்றது என்னோட இருக்கும். ஆனா உங்க உயிருக்கோ வேறொருத்தர் உயிருக்கோ ஆபத்துன்னா, சின்னப் பிள்ளைக்கு யாராவது கெடுதல் பண்றாங்கன்னா, நான் சும்மா இருக்க மாட்டேன்." பிள்ளைகள் மேல் பாலியல் கொடுமை என்றால், 2012-ஆம் வருஷத்து போக்சோ சட்டப்படி தெரிந்தவர் புகார் செய்தே ஆக வேண்டும். பிள்ளைகளுக்கான உதவி எண் 1098-ஐ எங்கள் எல்லோருக்கும் மனப்பாடம் ஆக்கி வைத்திருக்கிறோம். வீட்டில் அடி வாங்குகிற பெண்ணுக்கு 181.

உயிர் வேண்டாம் என்று ஒருவர் சொன்னால்

"இருந்து என்ன பண்ண" என்று பேச்சுவாக்கில் வரும். காதில் விழாத மாதிரி இருக்காதீர்கள். "சாகணும்னு தோணுதா?" என்று நேராகவே கேளுங்கள். கேட்டால் எண்ணம் புதிதாக முளைத்துவிடும் என்பது நம்முடைய பயம்தான், அப்படி ஆவதில்லை. பெரும்பாலானவர்களுக்கு ஒருவர் கேட்டதே பெரிய ஆறுதல். "ஆமா" என்றால் அன்றைய மற்ற வேலை எல்லாம் ரத்து. அவரைத் தனியாக விடக் கூடாது. நம்மூர் காய்த் தோட்டக்காரர் வீடுகளில் பூச்சி மருந்து கைக்கு எட்டும் இடத்திலேயே இருக்கும், அதை வேறு வீட்டுக்கு எடுத்துப் போகச் சொல்ல வேண்டும். டெலி மானஸ் 14416, அரசின் இலவச மனநல உதவி எண், ராத்திரியிலும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம். 104-ம் இருக்கிறது. உடனடி ஆபத்து என்றால் 108. ஒருங்கிணைப்பவருக்கும் ஆயருக்கும் அன்றே தெரிய வேண்டும். ரகசியம் என்று நீங்கள் மட்டும் சுமக்க வேண்டாம்.

நாங்கள் டாக்டர் இல்லை. ஒருவர் வாரக்கணக்கில் சாப்பிடாமல், குளிக்காமல், யாரோ பேசுகிற சத்தம் கேட்கிறது என்று சொன்னால் அரசு மருத்துவமனைக்குக் கூடப் போவோம், அதுதான் நம் பங்கு. மாத்திரை சாப்பிட்டால் விசுவாசம் குறைவு என்று எங்கள் கூட்டத்தில் ஒருவர் சொன்னார். அவரிடம் நர்ஸ் அக்கா, "உங்க பிரஷர் மாத்திரையை இங்க வைங்க பார்ப்போம்" என்றார்.

பணம்

கடன் கேட்பார்கள். கொடுக்காதீர்கள். கொடுத்த அன்றோடு நீங்கள் கடன்காரர் ஆகிவிடுவீர்கள், அடுத்த வாரம் உங்களைப் பார்த்தால் அவர் பின்வாசல் வழியாகப் போவார். "எங்களுக்கு அப்படி ஒரு ஒழுங்கு இருக்கு, ஆனா ஆயர்கிட்ட சொல்லட்டுமா?" என்று கேட்டு, சபையின் உதவி நிதிக்கு விஷயத்தை அனுப்புங்கள். பழம், ஹார்லிக்ஸ் வாங்கிப் போவதும் வேண்டாம். அவர்கள் தரும் ஒரு டம்ளர் டீயை மட்டும் மறுக்காதீர்கள்.

நம்மைப் பார்த்துக்கொள்வது

மாசத்தில் இரண்டு திங்கட்கிழமை நாங்கள் ஏழு பேர் கூடுகிறோம். யாரைப் பார்க்கிறோம் என்ற பெயர் வராது, ஊர் வராது. "இந்த வாரம் நான் எங்கே வாயைத் திறந்தேன், எனக்கு எதைக் கேட்டுப் பயம் வந்தது" என்று நம்மைப் பற்றித்தான் பேச்சு. இந்தக் கூட்டத்தை விட்டுவிட்டு வீடு பார்ப்பதை மட்டும் நடத்திய சபை ஒன்று எனக்குத் தெரியும். ஒன்றரை வருஷத்தில் எல்லாரும் சோர்ந்து நின்றுவிட்டார்கள். 2009 நவம்பர் மண்சரிவில் ஆள் போன வீடுகளுக்கு, இந்தப் பயிற்சி எதுவும் இல்லாமல் போய் வந்த ஒரு நண்பர், பல வருஷம் மழைச் சத்தம் கேட்டால் தூங்க மாட்டார். அவரிடம் யாரும் உட்கார்ந்து, "உனக்கு எப்படி இருக்கு" என்று கேட்கவில்லை.

முடிப்பது

இது ஆயுள் சந்தா இல்லை. ஆறு மாசமோ ஒன்றரை வருஷமோ, ஒரு கட்டத்தில் அவர் உங்களுக்காகக் காத்திருப்பது குறையும். வியாழக்கிழமை போனால் கல்யாணத்துக்குப் போயிருப்பார், சொல்ல மறந்திருப்பார். கோபப்படாதீர்கள், நல்ல சகுனம் அது. "இன்னும் ஒரு மாசம் வரட்டுமா, அப்புறம் நிறுத்திக்கலாமா?" என்று முன்னாடியே பேசி வைத்து முடியுங்கள். சட்டென்று நின்றால் அவருக்கு அது இன்னொரு சாவு.

ரேஷன் கார்டு அண்ணன், பதினைந்தாவது வாரமோ பதினாறாவதோ, நான் போகும்போது சட்டை மாற்றிக்கொண்டு வாசலில் நின்றார். "கோத்தகிரிக்குப் போயிட்டு வந்துடலாமா" என்றார். வியாழக்கிழமையும் நேரமும் அவர்தான் மாற்றினார், அன்று காலை பத்து மணி. பஸ்ஸில் எனக்கும் சேர்த்து அவரே டிக்கெட் எடுத்தார். முப்பத்தொரு வருஷம் டிக்கெட் கிழித்தவனுக்கு ஒருவர் டிக்கெட் எடுப்பது கொஞ்சம் கூச்சம்தான், எடுக்கட்டும் என்று விட்டுவிட்டேன். வழங்கல் அலுவலகத்தில் நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்துகொண்டேன். அவர் தனியாக உள்ளே போனார். திரும்பி வந்து, "பழைய கார்டை நானே வச்சுக்கட்டுமான்னு கேட்டேன்" என்றார். என்ன சொன்னார்கள் என்று நான் கேட்கவில்லை.

முடிந்த பிறகு அவர்களைச் சந்தையில் பார்ப்போம், ஆலயத்தில் பார்ப்போம். நாம் போய், "இப்ப எப்படி இருக்கீங்க, தூக்கம் வருதா" என்று எல்லார் முன்னாலும் ஆரம்பிக்கக் கூடாது. முதலில் அவர் பேசட்டும், எதைப் பற்றி என்பதும் அவர் விருப்பம். போன மாசம் அண்ணனைச் சந்தையில் பார்த்தேன். காரட் என்ன விலை சொல்றான் என்று கேட்டார். சொன்னேன். ஜாஸ்தி என்றார்.